வழிந்து போன முகம்

மேசைமேல் இரண்டு போட்டோத் தாள்கள் கிடந்தன. ஒன்று கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. இன்னொன்று மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது.

"என்மேல் எதுவும் ஒட்டாது, தெரியுமா?" என்று பளபளப்புத் தாள் பீற்றிக்கொண்டது.

அன்று அல்லிமலர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கையோடு கொண்டுபோக அதன் படமாவது வேண்டும். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பளபளப்பையே பிரிண்டருக்குள் வைத்தாள்.

"பார்த்தாயா!" என்றபடி அது உள்ளே போனது. குழந்தையின் நெற்றி வந்தது, கண்கள் வந்தன, பொக்கைவாய்ச் சிரிப்பும் வந்தது. தாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அல்லிமலர் ஆசையாக அதைத் தூக்கினாள். தூக்கியதுமே மை நழுவியது. ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியது. சிரிப்பு கரைந்து தாடைக்குக் கீழே ஓடியது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அலறி, அவள் தாளைக் கீழே போட்டாள்.

தாள் வெலவெலத்துப் போனது. "நான் ஒன்றும் செய்யவில்லையே!"

"நீ மையை உள்ளே வாங்கவே இல்லையே," என்றது பிரிண்டர். "இன்னும் ஒரு படத்துக்குத்தான் என்னிடம் மை இருக்கிறது."

அவள் மங்கல் தாளை வைத்தாள். வந்த முகம் பளிச்சென்று இல்லை. ஆனால் விரலால் தடவியபோதும் அப்படியே இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டி ஏறினாள்.

தரையில் கிடந்த தாளுக்கு அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

"உள்ளே வாங்குவது என்றால்," என்று அது பிரிண்டரிடம் மெல்லக் கேட்டது, "எப்படி?"