திறந்து கிடக்க வேண்டிய தண்ணீர்

மஞ்சக்குப்பத்து வீட்டின் பின்கட்டில் காலை வெயில் அகன்ற எவர்சில்வர் அண்டாவுக்குள் இறங்கி, தண்ணீரின் அடியில் வலைபோல ஆடிக்கொண்டிருக்கிறது. இளவழகன் குனிந்து முகர்ந்து பார்க்கிறான். குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாசம் இன்னும் மிச்சமிருக்கிறது. போன தடவை அவன் ஆசை ஆசையாக வீட்டிலேயே காய்ச்சிய பீரை மருந்துத் தண்ணீராக்கியது இந்த வாசம்தான். போர் தண்ணீர் ஒரே உப்பு, கேன் தண்ணீர் வெறும் சப்பை. ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்தால் இந்தத் தடவை பீருக்கு இதுதான் சரிப்படும். ஆனால் இந்த வீட்டில் எந்தத் தண்ணீர் திறந்து கிடந்திருக்கிறது? அவன் ஒரு மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போடுவதற்குள் மனைவி மங்கை வந்து தாம்பாளத்தால் அண்டாவை மூடிவிடுகிறாள். "ஏய், தொறந்து கெடந்தாதான்டி அந்த நாத்தம் போவும்!" "பல்லி உழுந்தா யாரு குடிக்கிறது மாமா?" நியாயமான கேள்விதான். அவன் தாம்பாளத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அண்டாவின் வாயில் இழுத்துக் கட்டுகிறான். வெள்ளைத் துணியில் வெயில் பளீரென்று உட்காருகிறது. மங்கை இடுப்பில் கை வைத்தபடி ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "இப்ப சரி" என்கிறாள். அவன் நிம்மதியாக அடுத்த மல்லாட்டையை உடைக்கிறான். உள்ளே பால் பொங்குகிற சத்தம். அவள் ஓடுகிறாள், ஓடுகிற போக்கிலேயே குனிந்து, கீழே கிடந்த தாம்பாளத்தை எடுத்துத் துணிக்கு மேல் கச்சிதமாக மூடிவிட்டு ஓடுகிறாள்.