ரெண்டு ரெண்டாய் இருந்த படங்கள்

கச்சிராயபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மணிமொழியிடம், பவுலின் தன் புது லேப்டாப்பைக் கொடுத்தாள்.

“சுத்தம் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டேங்க. புள்ளைங்க பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோவுல பாதியக் காணோம்.”

“புது விண்டோஸ் தன்னாலயே சுத்தம் பண்ணிக்கும்க்கா. இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்றபடி மணிமொழி தேடிப் பார்த்தாள். “ஒரே படம் ரெண்டு ரெண்டா இருந்திருக்கு. ஒண்ண வச்சிக்கினு ஒண்ணத் தூக்கிடுச்சி. நஷ்டமில்லக்கா.”

கண் கலங்கிய பவுலின் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரே முகமும் ஒரே கவுனுமாக இரண்டு சிறுமிகள் உள்ளே வந்தார்கள்.

மணிமொழி, அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். படங்கள் பத்திரமாக இருந்தன.

“இதோ, என் சின்னவ” என்று பவுலின் திரையைத் தடவினாள்.

பெரியவள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, அது நானு.”