கெட்ட நினைப்பு

“எங்க அம்மா என்னைக் கொன்னுடுவாங்க.”

குண்டூசி என்று மற்றவர்கள் கூப்பிடும் ஒன்பது வயதுச் சிறுமி அப்படிச் சொன்னதும், வட்டமாக உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பிள்ளைகளும் நிமிர்ந்தார்கள். பள்ளி ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மனசில் வரும் கெட்ட நினைப்பை அப்படியே நம்பிவிடாமல், அதைக் கேள்வி கேட்கப் பழக்கும் வகுப்பு அது. அடுத்த வருஷமும் நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத் தலைமையாசிரியையே அன்று வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சொதப்பினால் ஆலோசகர் பாடு திண்டாட்டம்தான்.

நல்லவேளை, பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இதுவரை அம்மா எத்தனை முறை கொன்றிருக்கிறார் என்று நெட்டையன் கேட்டான். ஒரு முறைகூட இல்லை என்று குண்டூசி ஒப்புக்கொண்டாள்.

“அப்போ அடிப்பாங்களா?” என்றாள் ரெட்டைச்சடை.

குண்டூசி வாயைத் திறப்பதற்குள் ஆலோசகர் முந்திக்கொண்டார். “சேச்சே, அடிக்கல்லாம் மாட்டாங்க.”

திட்டுவார்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே வந்து கட்டிக்கொள்வார் என்று குண்டூசி சொன்னாள். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்படி என்னதான் தப்பு செய்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் மூன்றாமவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது இங்கே தேவையில்லை, நினைப்புதான் முக்கியம் என்று ஆலோசகர் அவனை அடக்கினார்.

“இப்போ நீ சொல்லு. அம்மாகிட்ட உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?”

குண்டூசி பின்னால் திரும்பி, தலைமையாசிரியை இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “திட்டமாட்டாங்கன்னு தோணுது. நம்பிச் சொல்லலாமா?”

“தாராளமா சொல்லலாம். தானா வந்து உண்மையைச் சொல்ற பிள்ளையை யாராவது திட்டுவாங்களா? அதுக்கு நான் பொறுப்பு.”

தலைமையாசிரியை எழுந்து கைதட்டினார். வகுப்பு அடுத்த வருஷமும் நடக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஆலோசகருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

குண்டூசி மெல்ல எழுந்துபோய் ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, உன் புது போன் மீன் தொட்டிக்குள்ள கிடக்கு.”