கட்டில் இருந்த இடம்

உடற்பயிற்சி செய்கிற அறையில் கவனத்தைக் கலைக்கிற எதுவுமே இருக்கக் கூடாது என்று கைபேசியில் ஒரு பயிற்சியாளர் சொன்னார். ஆகவே குணாளன் அப்பாவின் அறையைக் காலிசெய்தான். முதலில் கட்டில் மொட்டைமாடிக்குப் போனது. அதில்தான் அப்பா பக்கவாதத்தில் வருடக்கணக்காகக் கிடந்தார். முதுகில் புண் வராமல் அம்மா அவரைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். புண் வரவில்லை. போன மாதம் சாவு வந்தது. கடிகாரமும் சாமி படமும் கூடத்துக்குப் போயின. சாமி ஆட்சேபிக்கவில்லை. கட்டில்கால்கள் பதித்த நான்கு தடங்கள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவற்றின் நடுவே பாயை விரித்தான்.

“அரை மணி நேரம் யாரும் உள்ள வரக் கூடாதும்மா.”

“யாரும்னா யாருடா? வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கு இனிமே அங்க என்ன வேலை?”

நாலு தண்டாலிலேயே மூச்சு வாங்கியது. மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான். கதவு திறந்தது. அவன் கத்த வாயெடுப்பதற்குள் அம்மாவின் கைகள் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் நுழைந்து, பழகிய லாகவத்தில் அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பின. பனியனைத் தூக்கி முதுகில் பவுடர் தடவினாள்.

“புண்ணு ஒண்ணும் இல்லைங்க,” என்றாள்.

அப்பாவுக்கு விளங்காமல் போனது வலது கை. குணாளனும் தன் வலது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டான்.