பிலோமினாவின் செடி

பிலோமினாவின் புற்றுநோய் வலிக்கு அரசு அனுமதித்த ஒரே கஞ்சாச் செடி, கொடைக்கானல் வீட்டுத் தோட்டத்தில் பூத்து நின்றது. அவள் கை மட்டும்தான் அதைத் தொடலாம். வேறு கை பட்டால் காவல் இயந்திரம் அந்தக் கையின் விரல்களை உடைத்துவிடும்.

அன்று உறைபனி எச்சரிக்கை. அவளால் எழ முடியவில்லை. பூ கருகிவிடுமே என்று கணவன் சூசை வேலிக்குள் பாய்ந்தான்.

முதல் விரல் முறிந்த சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

"விடு சனியனே! அது என் புருஷன்!" என்று அலறினாள். ஐந்து விரலையும் முறித்த பிறகே இயந்திரம் விட்டது.

ஒரேயொரு பூங்கொத்தை வாயில் கவ்வியபடி சூசை வந்து விழுந்தான். அவள் ஊர்ந்துபோய் அதை வலிமருந்தாக நெய்யில் காய்ச்சினாள்.

"உனக்குத்தானடி கொண்டாந்தேன்..."

"பேசாம வாயத் திறங்க."

முழுவதையும் அவனுக்கே ஊற்றிவிட்டு, சேலைத் தலைப்பைச் சுருட்டித் தன் பற்களுக்கிடையே திணித்துக்கொண்டாள்.