பதிவாகாத கார்டு

மேசைமேல் இருந்த பெட்டி எல்லாக் கார்டுக்கும் பூட்டைத் திறந்தது. ஒரே ஒரு கார்டு திறந்ததை மட்டும் எழுதிவைக்கவில்லை.

அவள் சோதனையை மறுபடியும் ஓடவிட்டாள்.

கதவுகளில் பொருத்துகிற சின்னப் பெட்டி அது. யார் திறந்தாலும் அதன் பதிவில் ஒரு வரி விழ வேண்டும். விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் எழுதிய நிரல் கார்டு எண்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு அனுப்பும். பூட்டு ‘டக்’கென்று விடுபடும். பதிவில் வரி இருந்தால் திரையில் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

இத்தனை நாளும் பொய் எண்களை வைத்தே சோதித்தாள். எல்லாம் பச்சை. இன்று என்ன தோன்றியதோ, தங்கள் அலுவலகக் கதவுகளில் ஓடும் மென்பொருளையே ஏற்றி, ஊழியர்களின் நிஜ எண்களைக் கொடுத்துப் பார்த்தாள்.

மறுபடியும் அதே எண். மறுபடியும் சிவப்பு.

பிழை என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சறுக்கும். இது ஆள் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது. யாரோ தெரிந்தே ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

மென்பொருளில் பதிவுப் பகுதியை எழுதியவர் அடுத்த மேசைக்காரர். அலுவலகத்தில் அவருக்குச் ‘சாது’ என்று பட்டப்பெயர். எந்த வம்புதும்புக்கும் போகாத மனிதர்.

ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் பக்கத்தில் போனால் சட்டென்று திரையை மாற்றுகிறார். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம்தான் ஸ்டோர் ரூமில் சரக்கு குறைகிறது என்று பேச்சு அடிபட்டது.

அடப்பாவி, இவரா?

நாற்காலியைத் திருப்பினாள். “சார், இந்த நம்பர் யாரோட கார்டு?”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் அறையைப் பார்த்தார்.

“மெதுவா பேசுங்க. உங்களோடதுதான்.”

அவள் கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள்.

டக்.

பதிவில் ஒன்றுமில்லை.

சரக்கு குறைகிற நேரத்தில் தடம் விழாத ஒரு கார்டு. அதுவும் அவள் கழுத்தில். “என்னை மாட்டிவிடப் பாக்கறீங்களா?” என்றாள்.

“ஐயோ, இல்லைங்க.” அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. “உங்க சீட்ல முன்னாடி ஒரு மேடம் இருந்தாங்க. அவங்க ஸ்டோர் ரூமுக்கு எத்தனை தடவை போனாங்கன்னு மேனேஜர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினாரு. மறுநாள்லேர்ந்து அவங்க வரலை. இப்ப நீங்களும் போக ஆரம்பிச்சீங்க...”

தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கும் முகம் சூடேறியது. யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்? நன்றி சொல்வதா, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை.

“இப்பவே எடுத்துடறேன்,” என்றார். “பச்சை வந்துடும். ஒருத்தருக்கும் தெரியாது.”

அதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருத்தருக்கும் தெரியாமல் வைக்க முடிகிறது. ஒருத்தருக்கும் தெரியாமல் எடுக்கவும் முடிகிறது. நாளைக்கு இந்தப் பெட்டி மருந்துக் கிடங்குக் கதவில் இருக்கும். அங்கேயும் ஒரு கார்டுக்காக யாராவது இதைச் செய்யலாம். அவர் இவரைப்போல நல்லவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமா?

சொன்னால் முதல் பழி அவள் தலையில்தான் விழும். சுவடில்லாமல் ஸ்டோர் ரூமுக்குப் போய் வந்தவள் அவள்தானே.

சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குறை அறிக்கையைத் திறந்தாள். ஓட்டையை யார் போட்டது என்று எழுதவில்லை. அதை அவரே சொல்லட்டும். பதிவாகாத கார்டு யாருடையது என்று மட்டும் எழுதித் தன் பெயரைப் போட்டாள். மேனேஜருக்கு மட்டும் போக வேண்டியதை எல்லாருக்கும் போகும்படி மாற்றினாள்.

ஸ்டோர் ரூமுக்கு அடிக்கடி போனதற்குக் காரணமும் எழுத வேண்டும்.

‘என் குழந்தைக்கு நாலு மாதம். தாய்ப்பால் எடுத்துவைக்க, உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய அறை இந்த அலுவலகத்தில் அது ஒன்றுதான்.’

அனுப்பினாள்.

முதலில் அடுத்த மேசையில் ‘டிங்’ என்றது. பிறகு அதற்கடுத்த மேசையில். கடைசியாக, மேனேஜரின் அறைக்குள்.