ஆடி மாசத்தில் ஒரு நிச்சயதார்த்தம்

"இங்க பாரும்மா பிராமி, நீ இன்னும் வேலைக்கே சேரல. அதுக்குள்ள டைம் மாத்துங்கன்னு ஆரம்பிச்சா எப்படி? எல்லாருக்கும் ஒரே ஷெட்யூல்தான். வர முடியலன்னா சொல்லிடு, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம்."

பட்டென்று போனை வைத்துவிட்டாள் கௌசல்யா. சென்னையில் ஒரு பெரிய லா ஃபர்மில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவளுடையது.

பிராமி போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சட்டம் படித்து முடித்து ஒரு வருஷம். இத்தனை நாளும் அப்ளிகேஷன் போடுவதுதான் வேலையே. ஒரு ஃபர்மில், "லேட்டா அனுப்பிட்டீங்க" என்றார்கள். இன்னொன்றில், "ரொம்ப சீக்கிரம் அனுப்பிட்டீங்க, சீசன் வரும்போது அனுப்புங்க" என்றார்கள். வேறோர் இடத்தில் இன்டர்வியூவும் பார் கவுன்சில் பரீட்சையும் ஒரே நாளில் வந்து தொலைக்க, தேதி மாற்ற முடியுமா என்று பணிவாக ஒரு மெயில் போட்டாள். அதோடு சரி. அந்தப் பக்கமிருந்து மூச்சுப் பேச்சே இல்லை.

இந்த ஒரு ஃபர்மில்தான் கடைசி ரவுண்டு வரை வந்திருக்கிறாள். பார்ட்னர்களோடு ஓட்டலில் டின்னர். ராத்திரி எட்டு மணிக்கு.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண்ணை எட்டு மணிக்கு டின்னருக்குக் கூப்பிட்டால் எப்படி? பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேலையில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பிராமி இருட்டிய பிறகு ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை.

"காரணத்தச் சொன்னியாம்மா?" என்றார் அப்பா தனராஜ்.

"வாய் வரலப்பா. கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமான்னு மட்டும்தான் கேட்டேன். அதுக்கே இந்தப் பாட்டு. சோத்துக்கே இவ்ளோ கண்டிஷன் போடுது, வேலைக்கு எவ்ளோ போடுமோன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அப்போ சாப்பிடாம சும்மா பேசிக்கினு இருந்துட்டு வா."

"எல்லாரும் சாப்பிடுவாங்க, நான் மட்டும் தட்டப் பாத்துக்கினு உக்காந்திருக்கணுமா? எனக்கு அலுத்துப் போச்சுப்பா. வேணாம்னு எழுதிடறேன்."

எழுதுவதற்குள் மறுநாள் காலை மெயில் வந்தது. டின்னர் கிடையாது, அதே நாள் மதியம் லஞ்ச். கௌசல்யாவின் தங்கைக்கு அன்று மாலை நிச்சயதார்த்தமாம், அதனால் இந்த மாற்றமாம்.

பிராமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பாத்தியாப்பா? நான் கேட்டா ஒரே ஷெட்யூல். அவங்க வீட்டு விசேஷம்னா மட்டும் ஷெட்யூல் வளையுது!"

தனராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடி மாசத்துல எவம்மா நிச்சயதார்த்தம் வெப்பான்? முகூர்த்தமே இல்லன்னுதானே பட்டுக்கடைக்காரங்க எல்லாம் தள்ளுபடின்னு கூவிக்கினு இருக்கறாங்க?"

"அப்போ பொய்யா?"

"பின்ன? எங்கியோ ஊர் சுத்தப் போறாங்க போல. நமக்கென்ன, நீ போய் நல்லபடியா பேசிட்டு வா."

லஞ்சில் பெரிய பார்ட்னர் வேணுகோபால் வந்து உட்கார்ந்ததிலிருந்தே கடுகடுவென்று இருந்தார்.

"இந்தம்மா வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக நான் ஒரு கேஸுக்கு வாய்தா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிராமி நன்றாகவே பேசினாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சாப்பாடு முடியும் நேரத்தில் வேணுகோபால் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ காஞ்சிபுரம்தானேம்மா? ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை குடுக்கறவங்க நீங்க. உங்க பக்கம் ஆடியில நிச்சயதார்த்தம் பண்றது உண்டா?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது அவள் மனசை விட்டுப் போகவில்லை.

"யாரும் பண்ண மாட்டாங்க சார். எங்கப்பா கூட அதைத்தான் கேட்டாரு."

மேஜையே சிரித்தது. வேணுகோபால் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா, கௌசல்யா" என்றார்.

பிராமிக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது, உள்ளதைத்தானே சொன்னோம் என்று.

ஓட்டல் வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது கௌசல்யா பின்னாலேயே வந்தாள். முகம் களைத்திருந்தது.

"நீ செலக்ட் ஆயிட்ட. மெயில் வரும். இப்பவே பஸ் பிடிச்சேன்னா இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுடலாம்."

பிராமி சட்டென்று திரும்பினாள். "மேடம், உங்களுக்கு எப்படி..."

"எனக்கும் காஞ்சிபுரம் பக்கம்தாம்மா, மாகறல். காலேஜ் ஹாஸ்டல்ல உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி என் ரூம்ல இருந்தா. நாங்க எல்லாம் ராத்திரி சாப்பிடப் போவோம், அவ மட்டும் ரூம்ல படுத்திருப்பா. அப்ளிகேஷன்ல உன் ஊரப் பாத்தேன். போன்ல நீ இழுத்தப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் மேடம் அப்படித் திட்டினீங்க?"

"போன் ஸ்பீக்கர்ல இருந்துது. சார் எதிர்லயே உக்காந்திருந்தாரு."

பிராமி வந்து நின்ற ஆட்டோவைப் போகச் சொன்னாள். "உங்க தங்கச்சிக்கு..."

"எனக்குத் தங்கச்சியே கிடையாதும்மா. நீ கேட்டதுக்காக டைம் மாத்தறேன்னு சொல்லியிருந்தா உன் பேரையே அடிச்சிருப்பாரு. என் வீட்டு விசேஷம்னு நான் கேட்டா திட்டுவாரு, அவ்ளோதானேன்னு நெனச்சேன்."